கொழுந்துக் குட்டியின் சிரிப்பு

தலவாக்கலையிலிருந்து டயகம போகும் தனியார் பஸ்களில் டிரைவரின் தலைக்கு மேலே ஒரு டீவி தொங்கும். லிந்துலை தாண்டியதும் எனக்குக் கண் சொருகிவிடும். ஜன்னலை எவ்வளவு இழுத்து அடைத்தாலும் ஒரு விரற்கடை இடைவெளி இருக்கத்தான் செய்யும். அதன் வழியாகப் பனி உள்ளே வந்து மடியில் உட்காரும். அரைத் தூக்கத்தில் பாட்டுகள் எங்கேயோ தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது அந்தச் சிரிப்பு கேட்கும். மூன்று விநாடிதான். கேட்டதும் நான் விழித்துக்கொள்வேன், அல்லது இன்னும் ஆழமாகத் தூங்கிப்போவேன். எது நடந்தது என்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது நினைவிருக்காது.

சிரிப்பது ஒரு தேயிலைப் பக்கெட்டின் பொம்மை. கம்பெனி அதற்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தது, எங்கள் பக்கத்தில் யாரும் அந்தப் பெயரைச் சீண்டவில்லை. கொழுந்துக் குட்டி என்றுதான் சொல்வோம். மொட்டு அதன் தலை, இரண்டு இலைகள் இரண்டு கை, காம்புதான் உடம்பு. கால்களில் சிவப்புச் சப்பாத்து. மலைச்சரிவில் சறுக்கிக்கொண்டு வரும், மேகத்தின் மேல் ஏறிக் குதிக்கும், ஒரு கோப்பையின் விளிம்பில் உட்கார்ந்து காலாட்டும். கடைசியில் சிரித்துக்கொண்டே வெந்நீருக்குள் பாயும். அது பேசாது. சிரிக்க மட்டும் செய்யும். அந்தச் சிரிப்பு என் அம்மாவுடையது என்று நான் நம்பினேன்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. நாலைந்து வருடங்களுக்கு முன்பு அந்த விளம்பரத்துக்காகக் கொழும்பிலிருந்து இரண்டு வேன்களில் ஆட்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். நான் அப்போதே கந்தப்பளையில் கணக்கு டீச்சர். வாடகை அறையில் தங்கி, வார முடிவில் மட்டும் அம்மாவிடம் வருவேன். வேன் வந்த கதையை லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் சொல்லித்தான் கேட்டேன். பெண்களைத் திருவிழாச் சேலை உடுத்திவரச் சொன்னார்களாம். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்ட வேண்டாம் என்றார்களாம். படங்கு இல்லாமல் செடிக்குள் இறங்கினால் கவ்வாத்து வெட்டிய கிளை வயிற்றைப் பதம் பார்த்துவிடும் என்று வேனில் வந்தவர்களுக்கு யார் சொல்வது? எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் படம் எடுக்காமல், நீளக் கம்பி நுனியில் ரோமம் மூடிய மைக்கோடு ரோட்டோரம் நின்று, "நீங்க வழமையா வேலை செய்ற மாதிரி செய்ங்க, எனக்குச் சத்தம்தான் வேணும்" என்றாராம். காலையிலிருந்து மத்தியானம் வரை அவர் அங்கேயே நின்றிருக்கிறார். கடைசியில் அவர் நிற்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, மாலைச் செய்திக்கு முன்னால் விளம்பரம் வந்தது. அன்று நான் லயத்தில் இருந்தேன். டீவி இருந்த காம்பராவின் ஒற்றை அறையில் இருபது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரையில் மலை வந்தது, மேகம் வந்தது. திருவிழாச் சேலை ஒன்றுகூட வரவில்லை. சிவப்புச் சப்பாத்தோடு ஓர் இலை ஓடி வந்தது.

"நாங்க நின்னதெல்லாம் எங்கடி போச்சு?" என்றாள் ஒருத்தி.

"நம்மள அழிச்சிட்டு எலைக்குக் காலு மொளைக்க வச்சிருக்கானுங்க."

"அதுவும் முத்துன எலடி. இதப் பறிச்சுக்கிட்டுப் போயிக் கொட்டுனா கங்காணி ஏச மாட்டாரு?"

"வெந்து போகப் போறது தெரியாம சிரிக்குது பாரு, பாவம்."

அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் எல்லோருடைய வாயும் ஒன்றாக நின்றது. மூக்குக்குள் அடக்கி வைத்துத் தாங்க முடியாமல் உடைந்து, மூன்று படி மேலே ஏறி, உச்சியில் மூச்சு அறுந்து நிற்கிற சிரிப்பு. இது கொழும்பில் அறைக்குள் உட்கார்ந்து சிரித்ததில்லை, நம் மலையில் யாரோ சிரித்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யார் என்று தீர்மானிக்க அதிக நேரம் ஆகவில்லை. கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு மலையில் ஆளுக்கொரு நிரை உண்டு. இரண்டு செடி வரிசைகளுக்கு நடுவே, இன்னாருக்கு இன்ன இடம் என்று வருடக்கணக்காக மாறாது. ஏழாம் நம்பர் மலையில் ரோட்டோர முதல் நிரை அம்மாவுடையது. மைக் பிடித்தவர் நின்றது அதன் தலைப்பில்.

"ஒன்னாம் நெரையில வேற யாரு? டீச்சரோட அம்மாதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

வாசல்படியில் நின்றிருந்த அம்மா, இரண்டாம் நிரைக்காரியான தன் சினேகிதியை ஒரு பார்வை பார்த்தாள். சினேகிதி மேல் லயத்தில் இருப்பவர், நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். சின்னம்மா தரையைப் பார்த்தார். "சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு அம்மா இறங்கிப் போனாள். நான் பின்னாலேயே ஓடி, "நெசமா அம்மா? நீங்களா சிரிச்சீங்க?" என்று கேட்டேன். "யாரு சிரிச்சா என்ன இப்ப" என்றாள். நான் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அம்மா சத்தம் போட்டுச் சிரித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் அம்மா இருப்பதே தெரியாது. சட்டி வைக்கிற சத்தம் கேட்காது, நடக்கிற சத்தம் கேட்காது. கூப்பிட்டால் "ம்" என்பாள். எனக்கு ஆறு வயதில் அப்பா இறந்தார். அப்பாவோடு அம்மாவின் சிரிப்பும் போய்விட்டது என்று நானே ஒரு கணக்குப் போட்டு, விடை சரியா என்று திருப்பிப் பார்க்காமல் இத்தனை வருடம் வைத்திருந்தேன். பிள்ளைகள் அப்படிச் செய்தால் காதைத் திருகுகிறவள் நான்.

ஆகவே கொழுந்துக் குட்டி எனக்குப் பெரிய செய்தி கொண்டுவந்தது. அம்மா மலையில் சிரிக்கிறாள். எனக்குத் தெரியாத ஓர் இடத்தில், எனக்குத் தெரியாத ஒன்றுக்காக, மூச்சு அறுந்து போகும்வரை சிரிக்கிறாள். மலையின் மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு முறை விளம்பரம் வரும்போதும் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, நாலு நாள் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள்.

கருமாதியெல்லாம் முடிந்து கந்தப்பளை அறைக்குத் திரும்பி, போனைத் துழாவினேன். அம்மாவின் படங்கள் நாற்பது இருந்தன, எல்லாவற்றிலும் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல நேராக நின்றாள். குரல் ஒன்றுகூட இல்லை. அம்மா குரல் செய்தி அனுப்பத் தெரியாதவள், நானும் கேட்டதில்லை. மழை பெய்வதை எடுத்த ஒரு வீடியோவின் கடைசியில் ஓர் இருமல் இருந்தது. அது அம்மாவா, பக்கத்துக் காம்பராக்காரரா என்று பத்துத் தடவை போட்டுப் பார்த்தும் தெரியவில்லை. முப்பது வருடம் எனக்கு அம்மாவாக இருந்தவளின் சத்தம் என்னிடம் இல்லை. அப்போதுதான் கொழுந்துக் குட்டி நினைவுக்கு வந்தது. விளம்பரத்தைத் தேடிப் போனில் இறக்கி வைத்துக்கொண்டேன். அந்த மூன்று விநாடிதான் எனக்கு மிஞ்சிய அம்மா.

அதன் பிறகு வந்த நாட்களை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. விடிகாலையில் ஜன்னலுக்கு வெளியே உடப்புசல்லாவைப் பக்கத்து மலைகள் இருக்கிற இடத்தில் ஒன்றுமே இருக்காது, வெள்ளையாக இருக்கும். படுத்தபடி போனைக் காதில் வைத்துக்கொள்வேன். சறுக்கல், மேகம், கோப்பை, சிரிப்பு. திரும்பவும் சறுக்கல், மேகம். கொஞ்ச நாளில் அம்மாவும் இலையும் எனக்குள் பிரிக்க முடியாமல் கலந்துபோனார்கள். கனவில் அம்மா சிவப்புச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பனிக்கு மேலே நடந்து வந்தாள். கைகள் இரண்டும் இலை. வாழ்நாளில் சப்பாத்தே போடாத அம்மாவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்டேன். சிரித்தாள். "கால் வலி எப்படி இருக்கு?" என்றேன். அதற்கும் சிரித்தாள். பேசத் தெரியாத பொம்மையிடம் வேறென்ன எதிர்பார்க்கலாம்? அப்படியும் அந்தக் கனவு முடிந்துபோனதே என்று ஒரு நாள் முழுக்க யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

என் மூளை கொஞ்சம் பிசகியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் ஒரு சிறுமி பின்னக் கணக்குக்கு நடுவில் கொழுந்துக் குட்டி வரைந்து வைத்திருந்தாள். காதுக்குக் கை வரும் என்று அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். "சப்பாத்துக்கு லேஸ் விட்டுப்போச்சு, போடு" என்றேன். வகுப்பே என்னைப் பேய் பிடித்தவளைப் போலப் பார்த்தது. இன்னொரு நாள் கந்தப்பளைக் கடையில் வாசலில் நிற்க வைத்திருந்த கொழுந்துக் குட்டியின் அட்டை உருவத்தைக் கடைக்கார நானாவிடம் கேட்டேன். இடுப்பளவு உயரம் இருக்கும்.

"இது எதுக்கு டீச்சர் ஒங்களுக்கு?" என்றார்.

"வகுப்புக்கு" என்று பொய் சொன்னேன்.

"எடுத்துட்டுப் போங்க. இது வந்து நின்ன நாள்ல இருந்து ஒரு பக்கெட்கூட கூடுதலா விக்கல்ல."

ஓட்டோவில் அதைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனேன். மழைச் சாரல் படாமல் என் சேலைத் தலைப்பால் போர்த்தியும் விட்டேன். ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியா வாவிக் கரையில் கொழுந்துக் குட்டி வேஷம் போட்ட ஓர் ஆள் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெரிய ஸ்பொஞ்சுத் தலை, இரண்டு ஆள் நீளத்துக்கு இலைக் கைகள். நானும் வரிசையில் நின்றேன், முன்னாலும் பின்னாலும் என் இடுப்புயரப் பிள்ளைகள். என் முறை வந்தபோது அந்த இலைக் கை என் தோளில் விழுந்தது. ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டேன். மொட்டுக்குள்ளேயிருந்து பீடி வாசமும் வியர்வையும் சேர்ந்து வந்தன. "இக்மனட்ட, மிஸ்" என்று சீக்கிரம் நகரச் சொல்லி ஒரு களைத்த குரல் சிங்களத்தில் கெஞ்சியது. படம் எடுத்துக்கொள்ளாமலே திரும்பிவிட்டேன்.

இந்த வருடம் பொங்கல் கழிந்ததும் கொழுந்துக் குட்டியை மாற்றிவிட்டார்கள். பஸ் டீவியில்தான் பார்த்தேன். மெலிந்து, கண்ணுக்கு மயிர் முளைத்து, வாய் நிறையப் பல்லோடு வந்து நின்றது. அதுமட்டுமா, பேச ஆரம்பித்துவிட்டது. "வணக்கம் நண்பர்களே" என்கிறது. பிறகு சிரித்தது. யாரோ பட்டணத்துப் பிள்ளையை அறைக்குள் உட்கார வைத்துச் சிரிக்கச் சொன்ன சிரிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடலாம் போலிருந்தது. யாரைக் கேட்டு என் அம்மாவின் வாயை அடைத்தார்கள்?

பக்கெட்டின் பின்பக்கத்திலிருந்த இலக்கத்துக்குப் போன் போட்டேன். முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில் ஒரு பிள்ளை மரியாதையாகப் பேசியது. "அது பழைய கெரக்டர் மிஸ். இப்ப பாவிக்கிறதில்ல." அன்றைக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரை மலையில் பதிந்த சத்தம் முழுக்க எங்கேயாவது இருக்குமா என்று கேட்டேன். மூன்று விநாடிக்கு மூன்று மணித்தியாலம் பதிந்திருக்கிறார்களே, அதில் அம்மா ஒரு வார்த்தையாவது பேசியிருக்க மாட்டாளா? அதுதான் என் ஆசை. "அது ஒங்கட அம்மாதான்னு எழுத்துல தாங்க மிஸ், கேட்டுப் பாக்கலாம்" என்றது அந்தப் பிள்ளை.

எழுத்தில்தானே? எழுதினேன். மேற்படி சிரிப்பு என் தாயாருடையது என்றும், அதற்கு அன்று உடன் வேலை செய்தவர்கள் சாட்சி என்றும் இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம். அம்மாவின் இரண்டாம் வருடத் திதிக்குப் போகும்போது பெண்களிடம் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று பையில் வைத்துக்கொண்டேன். அம்மாவின் காம்பரா இப்போது வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டது, நான் போனால் சின்னம்மா வீட்டில்தான் தங்குவேன். போகும்போதெல்லாம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூன்று விநாடியைப் போட்டுக் கேட்பேன். அவரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். முடிந்ததும் எழுந்துபோய் அடுப்பில் விறகைத் தள்ளிவிடுவார்.

திதி முடிந்த மறுநாள், பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் மலைக்குப் போய்க் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பெண்கள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். கொழுந்துக் கறை படிந்த விரல்கள் தாளில் மங்கலாகப் பதிந்தன. பதினொரு பேர். சின்னம்மா மட்டும், "கையெல்லாம் கறை பாப்பா, வீட்டுக்கு வந்து போடுறேன்" என்றார். மற்றவர்களுக்கும் அதே கறைதானே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்தியில் கைகால் கழுவி வந்து உட்கார்ந்தவர் முன்னால் கடிதத்தையும் பேனாவையும் வைத்தேன். பேனாவை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"போட மாட்டேன், பாப்பா."

"ஏன் சின்னம்மா?"

"பொய்க் கையெழுத்துப் போடக் கூடாது. அது ஒங்கம்மா இல்ல."

"பின்ன யாரு?"

"நான்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் விறகைத் தள்ளினார். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்தச் சமயம் அவருடைய இரண்டாம் நிரையின் மேல்தலைப்பு மரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. முந்தின வருடம்தான் குளவி கொட்டி அவர் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். மலைக்கு வந்தாலே மரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பாராம். "ஒங்கம்மாதான், 'நீ இங்கிட்டு எம் நெரையில நில்லு, நான் அங்கிட்டுப் போறேன்'னு மாத்திக்கிச்சு. கங்காணிகிட்டக்கூட சொல்லல. அன்னைக்கு ஒன்னாம் நெரையில நின்னது நானு. மைக்கு எனக்கு நேராத்தான் இருந்துச்சு."

"அப்ப ஏன் யாரும் சொல்லல? அம்மா ஏன் சொல்லல?"

"மத்தவளுகளுக்கு நெர மாத்துனது தெரியாது. நான் சொல்லத்தான் போனேன். அதுதான் வேணாம்னுச்சு. 'எம் மக நான்தான்னு நெனச்சிக்கிட்டு திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்குது. சந்தோசமாக் கேக்குது. கேட்டுட்டுப் போகட்டும்'னுச்சு. அது போனப்பறம் நீ இங்க வந்து சாமி பாட்டுக் கேக்குற மாதிரி கேட்டுக்கிட்டு இருந்த. நான் எப்படிச் சொல்லுவேன்?"

நான் நல்லவிதமாக நடந்துகொள்ளவில்லை. "ரெண்டு வருசமா என்னைய முட்டாளாக்கியிருக்கீங்க" என்று கத்தினேன். கடிதத்தை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டேன். பதினொரு பேருடைய கையெழுத்தும் எரிவதைச் சின்னம்மா பார்த்துக்கொண்டிருந்தார். சோறு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். போனை எடுத்துக் கேட்கவும் பயமாக இருந்தது. அம்மா இரண்டாவது முறையும் போய்விட்டாள், இந்தமுறை ஒன்றும் மிச்சம் வைக்காமல்.

காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, புறப்படும்போது சின்னம்மா என்னை எழுப்பினார். "மலைக்கு வா" என்றார். வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் பாதி வழி போய்விட்டிருந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன். ஏழாம் நம்பர் மலை பனிக்குள் கிடந்தது. செடிகளின் தலை மட்டும் பச்சையாகத் தெரிந்தது, பெண்கள் இடுப்புக்குக் கீழே இல்லாதவர்களைப் போல மிதந்துகொண்டு வந்தார்கள்.

"நான் எதுக்குச் சிரிச்சேன்னு நீ கேக்கவே இல்லையே" என்றார் சின்னம்மா.

உண்மைதான். நான் கேட்கவில்லை.

அவர் கூடையைக் கழற்றி வைத்தார். ஒரு கிளையை ஒடித்துத் தலைக்கு மேலே குடையாகப் பிடித்துக்கொண்டார். இடது கை இரண்டு விரலால் சேலைக் கொசுவத்தைத் தூக்கி, நாடியை உயர்த்தி, மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிரைக்குள் நடந்தார். இல்லாத ஒரு சேற்றுக் குழியை எட்டித் தாண்டினார். நின்று, விரலை உதட்டில் வைத்து, தூய தமிழில், "அம்மா, சட்டி மூடியை மெதுவாக வையுங்கள். எனக்குத் தலைவலி" என்றார். பெண்கள் அதற்குள் சுற்றி வந்துவிட்டார்கள். அந்த நடையை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்தேன். பிறகு காதுமடல் சூடாகியது. அது நான். பஸ்ஸிலிருந்து இறங்கி லயத்துக்கு வருகிற நான்.

"இது நான் செய்யுறது இல்ல. ஒங்கம்மா செஞ்சு காட்டுனது. எனக்கு அதுல காவாசிகூட வராது" என்றார் சின்னம்மா. "நீ வெள்ளிக்கெழம பின்னேரம் வருவியா? அன்னைக்குக் காலையில பெரட்டுலயே ஆரம்பிச்சிரும். வேன்காரன் வந்தானே, அன்னைக்கும் வெள்ளிக்கெழம. ஒன்னைய மாதிரி நடந்து காட்டிட்டு, 'இந்தா, டீச்சரம்மா வர்றாங்க. அந்தியில இருந்து ரெண்டு நாளைக்கு எனக்கு வாய்ப்பூட்டு. சிரிக்கிறத எல்லாம் இப்பவே சிரிச்சு முடிச்சிக்குங்கடி'னுச்சு. அப்பத்தான் எனக்கு அடக்க முடியாமப் போச்சு."

சொல்லும்போதே அவருக்கு வந்துவிட்டது. மூக்குக்குள் அடக்கி, உடைந்து, மூன்று படி ஏறி, உச்சியில் மூச்சு அறுந்து. போனில் ஆயிரம் தடவை கேட்டதை முதல்முறையாக நேரில் கேட்டேன். சுற்றி நின்றவர்களும் தொடங்கிவிட்டார்கள். கங்காணியை அம்மா எப்படிச் செய்வாள் என்று ஒருத்தி காட்டினாள், கணக்கப்பிள்ளை கொழுந்து நிறுக்கும்போது கண்ணாடியை இறக்கிப் பார்ப்பதை அம்மா செய்தபடி இன்னொருத்தி செய்தாள். நான் திருத்திய கணக்குத் தாள்களை உதறி அடுக்குவதைக்கூட அம்மா விட்டுவைக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, சிரிக்க வைத்தவளை மலையிலேயே விட்டுப் போயிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது, வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டையும் மீறி ஒரு சந்தோஷம் வந்தது. அம்மா என்னை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறாள். நான் இல்லாதபோதெல்லாம் என் நடையை, என் மூக்கை, என் குரலைத் தூக்கிக்கொண்டு இந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறாள். "இன்னொருதரம் செய்யுங்க சின்னம்மா" என்றேன். செய்தார். இன்னொருதரம் என்றேன். மூன்றாவது முறையும் அலுக்காமல் குடை பிடித்து நடந்தார். நான் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன், கங்காணி கீழேயிருந்து விசிலடித்தும் யாரும் அசையவில்லை.

எல்லோரும் நிரைகளுக்குக் கலைந்த பிறகு, எனக்குத் தாங்காமல் கேட்டேன்.

"இதுல ஒன்ன, ஒரே ஒரு நாளு, அம்மா வீட்டுல செஞ்சு காட்டியிருக்கலாமே. அப்பா போனதுல இருந்து வீட்டுல அம்மா வாய் தொறந்து சிரிச்சதே இல்லையே, சின்னம்மா."

சின்னம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் குற்றம் சொல்கிற தோரணை துளியும் இல்லை, இதுகூடத் தெரியாதா என்கிற ஆச்சரியம்தான் இருந்தது.

"ஒங்கப்பா போனதுக்கும் இதுக்கும் என்ன? வீட்டுலதான் நீ படிச்சிக்கிட்டு இருந்தியே, பாப்பா."